ஆரணிப் பட்டும் ரஸாயனப் பரீக்ஷையும்

கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணியின் பட்டுச் சேலைக்குத் தமிழ்நாட்டில் நெடுநாளைய மதிப்புண்டு. 1999-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று 2003-இல் அமலுக்கு வந்த சட்டத்தின்கீழ் அப்பெயர் புவியியல் குறியீடாகவும் பதிவு பெற்றுள்ளது. எனினும், வேற்றூரில் விசைத்தறியில் நெய்த சேலை அப்பெயரால் விலைப்படுமாயின், கைத்தறியாளரின் கூலி குறையும், வாங்குவோரும் ஏமாறுவர். இதனைத் தடுக்க ரஸாயனப் பரீக்ஷை ஒன்றே போதுமெனச் சிலர் கருதுவர். அக்கருத்து பாதியே உண்மையாகும்.

ஜப்பானியர் உண்ணும் வகாமே என்னும் கடற்பாசி இன்ன கடலில் விளைந்ததென்று அறிய, அதிலுள்ள நுண்மூலகங்களின் அளவையும், கரி, நைட்ரஜன் முதலியவற்றின் எடை வேறுபட்ட அணுக்களின் விகிதத்தையும் அங்குள்ளோர் ஆராய்வதுண்டு. பாசி தான் வளர்ந்த நீரைக் கொண்டே உடலைக் கட்டிக்கொள்கிறது. ஆதலின் அந்நீரின் குணம் அதிற் பதிகிறது. பட்டுக்கும் இவ்விதி ஓரளவு பொருந்தும். மல்பெரிச் செடி நின்ற மண், பெய்த மழை, இட்ட எரு ஆகியவற்றின் தன்மை இலை வழியாகப் புழுவையும், புழு வழியாக நூலையும் சேரும்.

ஆயினும், ஆரணித் தறிகள் கர்நாடகம் முதலிய வெளியிடங்களின் கச்சாப் பட்டையும் ஏற்பவை. ஆகவே, பரீக்ஷை புழு எங்கே இலை தின்றது என்பதைக் காட்டுமேயன்றி, தறி எங்கே நின்றது என்பதைக் காட்டாது. மேலும், சோப்பும் சோடாவும் இட்டு நூலைக் காய்ச்சுங்கால் எடையில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு பசையாய் நீங்கும். சாயமேற்றுங்கால் உலோக உப்புகள் புதிதாய்ச் சேரவும் கூடும். இவற்றால் நுண்மூலகச் சான்று மங்கிவிடும். 2004-இல் மத்திய பட்டு வாரியம் தொடங்கிய சில்க் மார்க் முத்திரையும் பட்டின் தூய்மைக்கே உறுதி கூறும், ஊருக்கன்று.

ஆகையால், ஊருக்குரிய சாட்சியைத் தறியிலேயே தேடல் வேண்டும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் பாவுதோறும் ஓர் எண் கொடுத்து, நூல் வாங்கிய இடம், நெய்த தறி, சேலை அறுத்த நாள் ஆகியவற்றைப் புத்தகத்திற் பதிதல் நன்று. சாயமேற்றிய நூலிற் சிறிதளவு எடுத்து முத்திரையிட்டு வைப்பின், ஐயம் எழுங்கால் சேலையின் நூலை அதனோடு ஒப்பிடலாம். ரஸாயனம் சிறந்த துணையாவது அவ்விடத்தேயாம்.

மல்பெரி பயிரிடும் குடியானவர்க்கும் இதனால் நன்மையுண்டு. நூல் பிறந்த ஊரும் சேலைச் சீட்டில் ஏறுமாயின், நல்ல பட்டுக்கூட்டுக்கு நல்ல விலை கேட்க அவர்க்கு வழி பிறக்கும். புத்தகமும் பரீக்ஷையும் ஒன்றையொன்று தாங்கி நின்றாலன்றி, ஆரணியின் பெயர் நிலைத்தல் அரிது.