ஒற்றைப் பாட்டுக்காரர்களா?

பாடகர்களில் 'ஒற்றைப் பாட்டுக்காரர்' என்று ஒரு ஜாதியை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் உற்பத்தியான ஜாதி. இப்போது நம்மூர் ரசிகர்களின் வாயிலும் தாராளமாகப் புழங்குகிறது. ஒரு பாட்டு ஓகோவென்று ஓடி, அடுத்தது அந்த அளவுக்கு ஓடாமல் போய்விட்டால் போதும். பாடியவரைப் பிடித்து இந்த அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். அதற்கு முன்னால் அவர் என்ன செய்தார், பின்னால் என்ன செய்தார் என்று யாரும் விசாரிக்க வேண்டியதில்லை.

இந்த அறைக்குள் அடைபட்டுக் கிடக்கும் இருவருக்காக நான் இன்று வக்காலத்து வாங்கப் போகிறேன். அவர்கள் கேட்டு அல்ல. இனிமேல் கேட்கவும் மாட்டார்கள். அக்காள் 2023 ஏப்ரலில் காலமானார், 93 வயதில். தம்பி 2025 ஏப்ரலில், 90 வயதில். அக்காளின் பெயர் ஏப்ரல் ஸ்டீவன்ஸ். தம்பியின் பெயர் நினோ டெம்போ. இரண்டுமே மேடைக்காக வைத்துக்கொண்ட பெயர்கள். குடும்பப் பெயர் லோடெம்பியோ. இத்தாலிய வம்சம். பிறந்தது, நியூயார்க் மாகாணத்தில் அந்தப் பேர்பெற்ற நீர்வீழ்ச்சியின் பெயரையே தனக்கும் வைத்துக்கொண்டிருக்கும் நயாகரா ஃபால்ஸ் என்ற ஊரில்.

நண்பர் ஒருவர் இருக்கிறார். மேல்நாட்டு இசைத்தட்டுகள் என்றால் உயிரை விடுவார். அவரிடம் இந்த இருவரைப் பற்றிப் பேச்செடுத்தேன். "ஓ, அவர்களா? ஏதோ அதிர்ஷ்டத்தில் ஒரு பாட்டு பிடித்துக்கொண்டது. அடுத்த வருஷமே பீட்டில்ஸ் வந்தார்கள், பெருக்கித் தள்ளிவிட்டார்கள்" என்றார். இரண்டே வாக்கியத்தில் இரண்டு ஆயுட்காலங்களுக்குக் கணக்கு முடித்துவிட்டு, காப்பியை எடுத்துக் குடிக்க ஆரம்பித்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அவர் படித்த பட்டியல்கள் அப்படி. நான் சண்டை போட விரும்புவது அந்தப் பட்டியல்களோடு.

முதலில் அந்த அதிர்ஷ்டத்தை எடுத்துக்கொள்வோம்.

'டீப் பர்ப்பிள்' என்று ஒரு பாட்டு. அடர்ந்த ஊதா என்று அர்த்தம். சாயங்கால வானத்தின் நிறம். பீட்டர் டிரோஸ் என்பவர் 1933-ல் பியானோவுக்காக எழுதிய மெட்டு அது. மெட்டு பிரபலமான பிறகு, 1938-ல் மிட்செல் பாரிஷ் அதற்குச் சொற்கள் எழுதினார். 1939-ல் லேரி கிளிண்டனின் வாத்தியக் குழுவினர் அதை நாடு முழுவதும் முணுமுணுக்க வைத்தார்கள். ஆக, நம் அக்காளும் தம்பியும் அதைக் கையில் எடுத்தபோது அது கால் நூற்றாண்டுப் பழசு.

மாதிரிக்காக ஒரு பதிவு செய்தார்களாம். தம்பிக்கு அடிகள் நினைவில் நிற்கவில்லை. பள்ளிக்கூட நாடகத்தில் பக்கத்தட்டிக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பார்களே, அந்த மாதிரி, ஒவ்வோர் அடியையும் அவர் பாடுவதற்கு முன்னால் அக்காள் வாயால் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதைக் கேட்ட நண்பர் ஒருவருக்கு அது பிடித்துப்போய்விட்டது. பாட்டிலேயே அது இருக்கட்டும் என்றார். தம்பிக்கு இஷ்டமில்லை. தான் பாடும்போது குறுக்கே யாராவது பேசினால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனாலும் இணங்கினார். பிறகு ஒரு பதிவின் கடைசியில் மிச்சமிருந்த 14 நிமிஷத்தில் பாட்டு முடிந்தது.

இதைத்தான் அதிர்ஷ்டம் என்கிறார்கள். மறந்து போனது அதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள்வோம். பாட்டை மறந்து போகிறவர்கள் உலகத்தில் ஆயிரம் பேர். அந்த மறதியில் ஓர் அழகு இருக்கிறது என்று கண்டுபிடிக்கக் காது வேண்டாமா? அதைத் துடைத்துப் போட்டுவிடாமல் பாட்டின் உடம்போடு சேர்த்துத் தைக்கத் தைரியம் வேண்டாமா? அந்தப் பாட்டைக் கேட்டிருப்பவர்களுக்குத் தெரியும்: ஏப்ரல் சும்மா எடுத்துக் கொடுக்கவில்லை. காதோடு காதாக ஒரு ரகசியம் மாதிரி அவர் சொல்கிறார். தம்பி அதை வாங்கி உரக்கப் பாடுகிறார். இருபத்தைந்து வருஷத்துப் பழைய பாட்டு, அன்று காலையில் பிறந்தது போல ஆகிவிடுகிறது. 14 நிமிஷம்தான் பிடித்தது என்கிறார்கள். அந்த 14 நிமிஷத்துக்குப் பின்னால் எத்தனை வருஷம் இருந்தது என்று ஏன் ஒருவரும் சொல்வதில்லை?

நினோ, அரை டிராயர் வயதிலேயே பென்னி குட்மனின் குழுவோடு மேடையேறிப் பாடியவர். கிளாரினெட், சாக்ஸபோன் இரண்டும் கைவந்தவர். பில் ஸ்பெக்டர் போன்றவர்களின் பதிவுகளில், தட்டின் மேல் பெயர் அச்சாகாத வாத்தியக்காரர்களில் ஒருவராக உட்கார்ந்து வாசித்தவர். ஏப்ரலோ 1951-லேயே, தம்பியின் துணையில்லாமல், ஹென்றி ரெனேயின் வாத்தியக் குழுவோடு 'ஐ ஆம் இன் லவ் அகெய்ன்' என்ற கோல் போர்ட்டரின் பாட்டைப் பாடி, அமெரிக்காவில் அதிகம் விற்ற முதல் பத்துத் தட்டுகளில் இடம் பிடித்தவர். அப்போது வயது 22. 1959-ல் 'டீச் மீ டைகர்' என்று ஒன்று பாடினார். குரலில் கொஞ்சம் கிறக்கம் ஜாஸ்தி என்று பல வானொலி நிலையங்கள் அதை ஒலிபரப்ப மறுத்துவிட்டன. (1983-ல் 'சாலஞ்சர்' விண்கலம் முதன்முதலாகப் பறந்தபோது, உள்ளே இருந்தவர்களைத் துயில் எழுப்ப அதே பாட்டைத்தான் பூமியிலிருந்து அனுப்பினார்கள். பூமியில் ஆபாசம், ஆகாயத்தில் சுப்ரபாதம்!)

இத்தனைக்கும் பிறகு, 1963-ல் அந்தப் பாட்டு வந்தது. அதைக் கேட்டு முகத்தைச் சுளித்தவர் யாரென்று நினைக்கிறீர்கள்? அஹ்மத் எர்டெகன். அட்லாண்டிக் கம்பெனியை ஸ்தாபித்தவர்களில் ஒருவர். துருக்கி நாட்டுத் தூதரின் பிள்ளை. ரே சார்ல்ஸ் என்ற மகா கலைஞனைத் தன் கம்பெனிக்குக் கொண்டுவந்த மனிதர். அப்பேர்ப்பட்ட செவிக்கு இது வெளியிட லாயக்கில்லாததாகப் பட்டது. தட்டைக் கிடப்பில் போட்டார்கள். அக்காளும் தம்பியும் சும்மா இருக்கவில்லை. அதற்கு முன் அதே கம்பெனிக்கு அவர்கள் பாடிக்கொடுத்த எதுவும் பெரிதாக ஓடியிருக்கவில்லை; கெஞ்ச வேண்டிய நிலையில் இருந்தவர்கள் அவர்கள்தாம். அப்படியிருந்தும், இதை வெளியிடுங்கள், இல்லாவிட்டால் ஒப்பந்தத்திலிருந்து எங்களை விட்டுவிடுங்கள் என்று நின்றார்கள். தட்டு வெளியே வந்தது. 1963 நவம்பர் 16-ம் தேதி 'பில்போர்டு' பத்திரிகையின் பட்டியலில் முதல் இடத்தில் உட்கார்ந்தது. 1964 மே மாதம், ராக் அண்ட் ரோல் வகைக்குரிய கிராமி பரிசும் அதற்கே கிடைத்தது.

முதல் இடத்தில் இருந்தது ஒரே ஒரு வாரம். பட்டியல்காரர்களுக்கு இதுதான் பிடி. ஒரு வாரம்! நான் கேட்கிறேன்: மாம்பழத்தை ருசி பார்த்துச் சொல்லுங்கள் என்றால், எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று சொல்கிறவனை என்ன செய்வது? கடைக்காரன் அப்படிப் பார்க்கட்டும். அது அவன் முதல் போட்ட சரக்கு. தின்கிறவன் எதற்காக அவன் கணக்கைத் தன் நாக்கில் தடவிக்கொள்ள வேண்டும்?

அடுத்து பீட்டில்ஸ் கதை. அவர்களுடைய பாட்டு 1964 பிப்ரவரி 1-ம் தேதி அமெரிக்காவில் முதல் இடத்துக்கு வந்தது. அந்த வெள்ளத்தில் பலர் அடித்துக்கொண்டு போனார்கள் என்பது வாஸ்தவம். ஆனால் நம்மவர்கள் போய்விட்டார்களா? 'டீப் பர்ப்பிள்' முடிந்த கையோடு, 'விஸ்பரிங்' என்ற இன்னொரு பழம் பாட்டைத் தூசி தட்டி எடுத்துப் பாடினார்கள். 1920-ம் வருஷத்தில் ஓடிய பாட்டு அது. 11-ம் இடம் வரைக்கும் போனது. 1966-ல் 'ஆல் ஸ்ட்ரங் அவுட்' வந்தது. இது யாருடைய பழைய மெட்டும் அல்ல. நினோவும் ஜெர்ரி ரியோபெல் என்பவரும் சேர்ந்து எழுதி, தாங்களே முன்னின்று தயாரித்தது. பட்டியலில் 26-ம் இடம். வெள்ளம் வந்து இரண்டு வருஷம் கழித்து! 1973-ல் நினோ தனியாகச் சாக்ஸபோன் வாசித்த ஒரு தட்டும் அந்தப் பட்டியலில் ஏறியது. அக்காளின் 1951-ல் ஆரம்பித்துத் தம்பியின் 1973 வரைக்கும் எண்ணிப் பாருங்கள். இருபத்திரண்டு வருஷம். இதற்குப் பெயரா ஒற்றைப் பாட்டு?

உண்மையைச் சொல்கிறேன், அவர்கள் பாடிய எல்லாமே பிரமாதம் என்று நான் சாதிக்க வரவில்லை. 'விஸ்பரிங்' எனக்கு அவ்வளவாக ரசிக்கவில்லை. முதல் பாட்டில் தற்செயலாகக் கிடைத்ததை அதில் வேண்டுமென்றே மறுபடி செய்திருக்கிறார்கள், கை தெரிகிறது. அப்படிச் செய்யச் சொன்னது சந்தை என்றால் நான் நம்புவேன். ஒன்று விற்றால் அதையே இன்னொன்று கொண்டுவா என்பான்; கொண்டுவந்தால், இவனுக்கு வேறு எதுவும் வராது என்பான். இந்தப் பொறி எழுத்துக்காரனுக்கும் நன்றாகத் தெரியும்.

வேறொரு முணுமுணுப்பும் உண்டு. கொஞ்சம் நாகரிகமானவர்கள் அதை மெதுவாகச் சொல்வார்கள். அக்காளும் தம்பியும் சேர்ந்து காதல் பாட்டுப் பாடலாமா என்பது. ஒரு வாசகி, நல்ல படிப்பாளி, என்னிடம் இதைக் கேட்டபோது உண்மையாகவே சங்கடப்பட்டார். அம்மா, நான் ஒரு நாவலில் கொலைகாரனின் மனத்தை நாற்பது பக்கம் எழுதினேன். அதைப் படித்துவிட்டு, இவன் வீட்டுக் கொல்லையில் யாரைப் புதைத்திருக்கிறான் என்று தேடினீர்களா? குரல் என்பது தொழில். தச்சன் கட்டில் செய்கிறான் என்றால், அதில் யார் படுக்கப் போகிறார்கள் என்பது அவன் விவகாரம் அல்ல. இன்னும் சொல்லப்போனால், ஒரே வீட்டில், ஒரே அடுப்படிப் பேச்சைக் கேட்டு வளர்ந்த இரண்டு தொண்டைகளுக்குள் ஓர் ஒட்டுதல் இருக்கிறதே, அதை எந்த ஒத்திகையாலும் உண்டாக்க முடியாது. ஒருவர் எங்கே மூச்சு வாங்குவார் என்று மற்றவருக்குத் தெரியும். அடுத்த அடியைத் தம்பி மறந்துவிடுவான் என்று அக்காளுக்கு முன்கூட்டியே தெரியும். அந்தப் பாட்டின் முழு அழகும் அங்கேதான் இருக்கிறது. 1975-ல் டானி, மேரி ஆஸ்மண்ட் என்ற இன்னொரு அண்ணனும் தங்கையும் இதே 'டீப் பர்ப்பிள்' பாட்டை எடுத்துப் பாடியது அதனால்தானோ என்னவோ.

இத்தனையும் நான் ஏன் இவ்வளவு காரமாக எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் இதில் சொந்த வலி இல்லாமல் இல்லை. இருபது வருஷமாக எழுதுகிறேன். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் அறிமுகம் செய்கிறவர் என் ஆரம்ப காலத்துக் கதை ஒன்றின் பெயரைச் சொல்லி, "அதை எழுதியவர்" என்று முடித்துவிடுகிறார். கேட்கிறவர்கள் கை தட்டுகிறார்கள். அதற்குப் பின்னால் வந்த நாவல்கள் வாசகசாலை அலமாரியில் தூசி படிந்து நிற்கின்றன. ஒரு பதிப்பாளர் (யாரென்று சொல்லத் தேவையில்லை) "அந்தக் கதை மாதிரியே இன்னொன்று கொடுங்களேன்" என்று வருஷத்துக்கு ஒரு தரம் கடிதம் எழுதுகிறார். அதற்குப் பதில் எழுதும்போதெல்லாம் எனக்கு நினோவின் ஞாபகம் வருகிறது. அவருக்கு இன்னும் பெரிய கொடுமை நடந்தது. 1968-ல் இங்கிலாந்தில் ஒரு ராக் குழு கிளம்பியது. அதில் கித்தார் வாசித்த ரிச்சி பிளாக்மோரின் பாட்டிக்கு இந்தப் பழைய பாட்டு மிகவும் பிரியம். அதனால் அதன் பெயரையே குழுவுக்கு வைத்தார்கள். இன்று 'டீப் பர்ப்பிள்' என்று சொன்னால் உலகம் முழுவதும் அந்தக் குழுவைத்தான் நினைக்கிறார்கள். ஒற்றைப் பாட்டுக்காரர்கள் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அந்த ஒற்றைப் பாட்டின் பெயர்கூட அவர்களிடம் தங்கவில்லை.

என் நண்பரிடம் இவ்வளவும் சொன்னேன். காப்பியைக் கீழே வைத்துவிட்டு, "அப்படியானால் எதைக் கேட்கச் சொல்கிறீர்?" என்றார். 'டீப் பர்ப்பிள்' வேண்டாம் என்றேன். அது தானாகவே காதில் விழும். 'ஆல் ஸ்ட்ரங் அவுட்' கேளும். அக்காள் குரல் எங்கே முடிகிறது, தம்பி குரல் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடித்துச் சொல்லும். அதுவரைக்கும் உம்மோடு பீட்டில்ஸ் பற்றி நான் பேசப் போவதில்லை.