பிள்ளை கண்ணைக் கசக்குகிறதா?

புத்தகத்தை விரித்ததும் பிள்ளை கண்ணைக் கசக்கத் தொடங்கினால், அது படிப்பிலுள்ள சலிப்பு என்றே பல வீடுகளில் எண்ணிவிடுகிறோம். "கசக்காதே" என்று ஓர் அதட்டலுடன் காரியத்தை முடித்துவிடுகிறோம். நாளடைவில் கண் சிவக்கிறது. காலையில் இமைகள் பீளையால் ஒட்டிக்கொள்கின்றன. கண்கட்டி ஒன்று வந்து போகிறது. சில வாரங்களில் இன்னொன்று வருகிறது. "உடற்சூடு" என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். இவற்றுக்கெல்லாம் மூலம் இமையின் விளிம்பிலே இருக்கக்கூடும் என்பது நம் நினைவுக்கு வருவதில்லை.

இமைமயிர் ஒவ்வொன்றும் ஒரு நுண்குழியிலிருந்து முளைக்கின்றது. அதன் பின்புறத்தே நெய்ச்சுரப்பிகளின் வாய்கள் வரிசையாக அமைந்துள்ளன. மேலிமையில் 25 முதல் 40 வரையும் கீழிமையில் 20 முதல் 30 வரையும் இவை உண்டு. இவை சுரக்கும் நெய் கண்ணீரின்மேல் மெல்லிய படலமாகப் பரவி, கண் உலராமற் காக்கிறது. இந்த வாய்கள் அடைபட்டால் இமையிற் கட்டி தோன்றும். விளிம்பிற் கிருமிகள் பெருகினால் அது சிவந்து, தடித்து, செதில் கட்டும். இதனையே இமை விளிம்பு அழற்சி என்கிறோம்.

இமைமயிரில் உயிருள்ள பூச்சி வாழ்கிறதென்று கேள்வியுற்று அஞ்சுவோரும் உண்டு. செய்தி மெய்யே. 1842ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்து வைத்தியர் குஸ்தாவ் சைமன், முகப்பருவை ஆராய்ந்தபோது மயிர்க்குழியில் வாழும் இந்தச் சிற்றுண்ணியை விரிவாக விவரித்தார். மறு ஆண்டில் ஆங்கில அறிஞர் ரிச்சர்ட் ஓவன் அதற்கு 'டெமொடெக்ஸ்' என்று பெயரிட்டார். கொழுப்பு, துளைக்கும் புழு என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. மனிதரிடம் வாழ்பவை இரண்டு இனங்கள். பெரியது மயிர்க்குழியிலும், சிறியது நெய்ச்சுரப்பியிலும் குடியிருக்கும். பெரியதன் நீளமும் அரை மில்லிமீற்றருக்கு உட்பட்டதே. நுணுக்குக்காட்டியின்றி அதனைத் தெளிவாகக் காண இயலாது.

ஆயினும் பெற்றோர் கலங்க வேண்டியதில்லை. பிறக்கும்போது குழந்தையிடம் இவ்வுண்ணி இருப்பதில்லை. நெருங்கிப் பழகுவோரிடமிருந்தே பின்னர் தொற்றுகிறது. பருவமடையும்வரை சருமத்தில் நெய் குறைவாதலால் பிள்ளைகளிடம் இது பெருகுவதும் அரிது. முதியவர்களிலோ பெரும்பாலாரிடம் யாதொரு தீங்கும் செய்யாமல் வாழ்கிறது. ஆகவே பிள்ளையின் இமை சிவந்தால் முதலிற் சந்தேகிக்க வேண்டியது உண்ணியை அன்று. எனினும், வழக்கமான சிகிச்சைக்கு நோய் அடங்காதபோதும், இமைமயிரின் அடியைச் சுற்றி உறைபோன்ற மெழுகுச் செதில் காணப்படும்போதும், கண் வைத்தியர் ஓரிரு மயிர்களைப் பிடுங்கி நுணுக்குக்காட்டியிற் பார்ப்பதுண்டு.

நாம் அஞ்ச வேண்டியது உண்ணியைவிட நமது அசட்டையையே. விளிம்பின் அழற்சி நீடித்தால் கருவிழியின்மேற் படர்ந்து, அங்கே வடு விழலாம். பெரிய கட்டி கருவிழியை அழுத்தி அதன் வளைவை மாற்றலாம். ஏறக்குறைய ஏழெட்டு வயதுவரை பிள்ளையின் பார்வை வளர்ந்துகொண்டிருக்கும் காலம். அக்காலத்தில் ஒரு கண் மங்கலாகவே காணுமாயின், மூளை அதனைப் புறக்கணிக்கப் பழகிவிடும். 'சோம்பற்கண்' எனப்படும் அக்குறையைக் காலந் தாழ்த்தித் திருத்துவது கடினம்.

வீட்டில் தாய்மார் செய்யக்கூடியது எளியது. சுத்தமான துணியை இளஞ்சூடான நீரில் நனைத்துப் பிழிந்து, தம் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்து, மூடிய இமைமேல் ஐந்து நிமிடம் ஒற்றுக. துணி ஆறினால் மீண்டும் நனைத்துக்கொள்க. பின்னர், கொதித்தாறிய நீரில் நனைத்த பஞ்சினால் இமை விளிம்பை மென்மையாகத் துடைக்க. கண்ணுக்கொரு பஞ்சு வேண்டும். காலையும் இரவுமாகச் சில வாரங்கள் இதனை விடாது செய்தல் அவசியம். துவாயும் தலையணை உறையும் பிள்ளைக்குத் தனியாக இருக்கட்டும். ஒரே மைக்குச்சியால் பலருக்கும் மை தீட்டும் வழக்கத்தைக் கைவிடுக.

செய்யத்தகாதவையும் உண்டு. முலைப்பால், நந்தியாவட்டைச் சாறு முதலியவற்றைக் கண்ணில் விடலாகாது. மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கும் துளிமருந்தில் ஸ்டீரொயிட் கலந்திருக்கலாம், கண்காணிப்பின்றி நீண்டநாள் விட்டால் கண்ணினுள் அழுத்தம் உயரும், கண்புரையும் உண்டாகும். உண்ணியைக் கொல்லுமென்று பேசப்படும் 'டீ ட்ரீ' எண்ணெய் ஆஸ்திரேலிய மரமொன்றின் இலையிலிருந்து எடுப்பது. நமது மலைநாட்டுத் தேயிலைக்கும் அதற்கும் உறவில்லை. அதனை அப்படியே பூசினாற் கண் வெந்துவிடும். 2023ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லொட்டிலானர் என்னும் துளிமருந்தும் வளர்ந்தோரிடமே சோதிக்கப்பட்டது. இமைமயிரில் ஈர் ஒட்டியிருக்கக் கண்டால், தலைப்பேன் மருந்தைக் கண்ணருகே கொண்டுசெல்லாமல் வைத்தியரிடம் காட்டுக.

வெளிச்சத்தைக் கண்டு பிள்ளை கண்ணை இறுக மூடினாலும், பார்வை மங்கினாலும், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தோன்றினாலும், காய்ச்சலுடன் இமை வீங்கினாலும் அன்றைக்கே கண் வைத்தியரிடம் செல்க. கட்டி அடிக்கடி திரும்பி வந்தாலும் அவரிடம் காட்டத் தவறற்க.

பிள்ளை இனிக் கண்ணைக் கசக்கும்போது அதட்டலை ஒரு கணம் நிறுத்துவோம். வெளிச்சத்தில் அருகே அழைத்து, இமையின் ஓரத்தை ஒருமுறை உற்றுப் பார்ப்போம்.