ஒரே பீப்பாயில் எல்லா வண்டிக்குமா?

விளக்கேற்ற ஓர் எண்ணெய், பொரிக்க ஓர் எண்ணெய், தலையில் வைக்க ஓர் எண்ணெய் எனப் பகுத்து வாங்குபவர்கள் நம் இல்லத்தரசிகள். ஆனால், வாசலில் நிற்கும் வண்டி என்று வந்துவிட்டால் அந்தப் பகுப்பு மறைந்து விடுகின்றது. "எல்லாம் எஞ்சின் ஒயில்தானே!" என்ற பேச்சையே வெள்ளவத்தையிலும் கேட்கின்றோம், கொட்டாஞ்சேனையிலும் கேட்கின்றோம்.

கொட்டாஞ்சேனையில் மொத்த வியாபாரம் செய்யும் அன்பர் ஒருவரிடம் டீசல் லொறி ஒன்று, வான் ஒன்று, முச்சக்கர வண்டிகள் இரண்டு, மகனுடைய மோட்டார் சைக்கிள், இவற்றோடு ஹைபிரிட் கார் ஒன்றும் உண்டு. மலிவாகக் கிடைக்கும் ஒரு பீப்பாய் ஒயிலை வாங்கி எல்லாவற்றிற்கும் ஊற்றலாமா என அவர் எம்மை வினவினார். இது சில்லறைக் கேள்வியன்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. உள்ள எஞ்சினைக் கெடுத்துக்கொண்டு பஞ்சிகாவத்தையில் மாற்று எஞ்சின் தேடுபவர், கடையின் முதலிலேயே கைவைக்க நேரும்.

பலவகை வண்டிகளை ஒருங்கே பேணும் தொல்லை இந்நாட்டிற்குப் புதிதன்று. 1958 ஜனவரி 1ஆந் திகதி தொழிலை ஏற்ற இலங்கைப் போக்குவரத்துச் சபை, தனியார் கம்பனிகள் பலவற்றின் பஸ்களையும் ஏற்றது. லண்டனில் ஓடிய இரட்டைத்தட்டு பஸ்களும் அதனிடம் வந்து சேர்ந்தன. எனினும் ஹைபிரிட் கார் என்னும் தலையிடி அவர்களுக்கு இருக்கவில்லை!

கலனிலே 15டபிள்யூ-40 என்றோ 0டபிள்யூ-20 என்றோ எழுதியிருப்பதை மாணவர்கள் கண்டிருப்பர. 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. முன்னெண் குளிர்ந்த நிலையில் ஒயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதையும், பின்னெண் 100 பாகை செல்சியசில் அதன் பாகுநிலையையும் காட்டுவன. கொழும்பில் குளிர்காலம் ஏது என்று கேட்கலாம். 100 பாகையோடு ஒப்பிட்டால் நமது காலைப்பொழுதின் 27 பாகையும் எஞ்சினுக்குக் குளிரே. ஹைபிரிட் காரின் எஞ்சினோ காலி வீதி நெரிசலில் அடிக்கடி நின்று நின்று இயங்குவது. அதற்கென வகுத்த மெல்லிய ஒயிலுக்குப் பதிலாகத் தடித்ததை ஊற்றினால் எரிபொருள் வீணாகும். உறுப்புகளுக்கு ஒயில் சென்றடையவும் தாமதமாகும்.

எண்ணோடு எழுத்தையும் நோக்குதல் வேண்டும். ஏ.பி.ஐ. தரக்குறியில் 'எஸ்' எனத் தொடங்குவது பெற்றோல் எஞ்சினுக்கு. 'சி' எனத் தொடங்குவது டீசலுக்கு. டீசல் ஒயில் விரைவில் கறுப்பதைக் கண்டு பலர் கலங்குவர். கரியை அடியிற் படியவிடாது தன்னுள் தாங்கி நிற்பதாலேயே அது கறுக்கின்றது. ஒயிலை விரலில் தேய்த்துப் பார்த்துத் தரம் கூறும் கராஜ் வித்தையில் எமக்கு நம்பிக்கையில்லை.

அன்பருடைய திட்டம் பெரிதும் பிழைப்பது முச்சக்கர வண்டியிலும் மோட்டார் சைக்கிளிலுமே. அநேகமான போர் ஸ்ரோக் வண்டிகளில் கிளச் தட்டுகளும் எஞ்சின் ஒயிலிலேயே தோய்ந்திருக்கின்றன. உராய்வைக் குறைக்கும் சரக்குச் சேர்ந்த கார் ஒயிலை ஊற்றினால் கிளச் வழுக்கும். எஞ்சின் இரையும், வண்டி ஏறாது. இவற்றுக்கு 'ஜாசோ எம்.ஏ.' என்னும் குறியுள்ள ஒயிலே தகும்.

ஆகவே லொறிக்கும் வானுக்கும், கையேடுகள் இணங்கினால், ஒரே டீசல் ஒயில் போதும். ஏனையவற்றிற்குத் தனித்தனிச் சிறு கலன்கள். பீப்பாய்? அது கொள்வது ஏறத்தாழ 208 லீற்றர். அவ்விரு வண்டிகளுக்கும் ஒருமுறைக்கு 15 லீற்றர், ஆண்டுக்கு நான்கு முறை என வைத்தாலும் 60 லீற்றரே செலவாகும். மூன்று ஆண்டுக்கு மேல் கிடக்கும் பொருளில் பணத்தை முடக்குவதேன்? 20 லீற்றர் கலனே அவருக்கு ஏற்றது என்றோம்.

பீப்பாய் வாங்கியே தீரவேண்டிய பெரிய நிறுவனத்தார் அதனை வெயிலிலும் மழையிலும் நிறுத்தலாகாது. 200 லீற்றர் ஒயில், 20 பாகை வெப்பம் ஏறும்போது ஏறத்தாழ 2.8 லீற்றர் பெருகும். இரவில் அவ்வளவும் சுருங்கும். அப்போது மேல்மூடியில் தேங்கிய மழைநீர், அடைப்பின் இடுக்கு வழியே உள்ளே உறிஞ்சப்படும். நீர் கலந்த ஒயில் மோர்போல் வெளிறிவிடும். கூரையின் கீழ், மரச்சட்டங்கள் மீது, இரு அடைப்புகளும் நேர்கிடையாக அமையும்படி படுக்கவைப்பதே முறை. அவ்வாறாயின் அடைப்புகள் ஒயில் மட்டத்தின் கீழே நனைந்திருக்கும். காற்றும் நீரும் புகா. வந்த திகதியை எழுதி, முன் வந்ததை முன் எடுக்க. ஒவ்வோர் ஒயிலுக்கும் தனிப் புனல் வேண்டும்.

கழித்த ஒயிலைச் சிலர் கானில் ஊற்றுகின்றனர். வெள்ளவத்தைக் கால்வாயிற் சேர்வது நேரே கடலுக்குத்தான் போகும். மூடிய கலனிற் சேர்த்து, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம் ஒப்படைக்கலாம். கறையானுக்கென்று அதனை மரத்திற் பூசுவோர் வெறுங்கையால் தொடாதிருப்பாராக. தோலுக்குத் தீங்கு செய்யும் பொருள்கள் அதில் உண்டு.

கிறீஸ் பற்றிக் கேட்டெழுதிய மாணவருக்கு அடுத்த கிழமை விடை கூறுவோம்.