தானம் கொடுக்கும் மோட்டார்

மோட்டார் வண்டி வாங்குகிறவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம் என்று நாம் இதுவரை எண்ணியிருந்தோம். ஏறிப் போவதற்காக வாங்குகிறவர்கள் ஒரு வகை. எதிர்வீட்டார் பார்ப்பதற்காக வாங்குகிறவர்கள் மற்றொரு வகை. அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போடுவதற்கென்றே மோட்டார் வாங்குகிற மூன்றாவது வகையும் உண்டு என்பதைச் சென்ற மாதம் மன்னார்குடியில் அறிந்துகொண்டோம். அதுவும் நம் குடும்பத்திலேயே!

நமது தமக்கையாரின் புதல்வன் ஆட்டோமொபைல் டிப்ளமா தேறியவன். டிராக்டருக்கும் ஆயில் என்ஜினுக்கும் வைத்தியம் பார்ப்பதில் அந்தப் பக்கத்து மிராசுதாரர்களிடையே அவனுக்குக் கொஞ்சம் கீர்த்தி உண்டு. அவனுக்கு இப்போது ஓர் ஆசை பிறந்திருக்கிறது. பழைய கார் ஒன்றை வாங்கி, அதன் உறுப்புக்களைக் கழற்றி, அவற்றைக்கொண்டு தன் கையாலேயே ஒரு பந்தய மோட்டார் கட்ட வேண்டுமாம். அதற்குச் சம்பா விற்ற பணத்தில் ஒரு லட்சம் ரூபாய் வேண்டுமாம்.

"தம்பி! ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் பத்திரிகையில் யோசனை சொல்கிறாயே, இதற்கும் ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போ. பணம் போனால் அடுத்த சம்பாவில் வரும். பிள்ளை போனால் வருவானா?" என்று தமக்கையார் டெலிபோனில் கேட்டார்.

இதற்குப் பிறகு நாம் சும்மா இருக்க முடியுமா? மறுநாளே ரயில் ஏறினோம்.

குளமாக இருந்துகொண்டே நதி என்று பெயர் வாங்கிவிட்ட அரித்திரா நதியின் வடகரையில் அவர்கள் வீடு இருக்கிறது. கொல்லைக் கொட்டகையில் நெல் மூட்டைகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, தரையில் சுண்ணாம்புக் கட்டியால் பையன் முழு அளவில் ஒரு மோட்டாரின் படம் வரைந்திருந்தான். அதைப் பார்த்ததும், இது பைத்தியக்காரத்தனம் என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடுவதற்கில்லை என்று நமக்குத் தோன்றிற்று.

பூர்வ சரித்திரமும் அவன் பக்கமே இருந்தது. லண்டனில் காலின் சாப்மன் என்ற வாலிபர் 1948-ஆம் வருஷத்தில் பழைய ஆஸ்டின் செவன் கார் ஒன்றை ஆதாரமாக வைத்துத் தாமே ஒரு வண்டி கட்டினார். லோட்டஸ் என்ற பிரசித்தி பெற்ற மோட்டார் வம்சத்துக்கு அதுதான் மூலபுருஷன். 1957-ல் அவர் வெளியிட்ட லோட்டஸ் செவன் என்னும் வண்டியை முழுசாக வாங்கினால் அந்நாளில் சர்க்காருக்கு வரி கட்ட வேண்டியிருந்தது. உறுப்புக்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டால் அந்த வரி இல்லாமல் இருந்தது. இங்கிலீஷ்காரர்கள் வரி கட்டுவதைவிடக் கையில் கிரீஸ் பூசிக்கொள்வதே மேல் என்று தீர்மானித்தார்கள். 1996-ல் ரான் சாம்பியன் என்பவர், 250 பவுனிலேயே பந்தய வண்டி கட்டலாம் என்று ஒரு புஸ்தகம் எழுதினார். பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டைப் பிரித்துக்கொள்ளுங்கள் என்பது அவருடைய உபதேசம்.

இப்படிப் பிரிக்கப்படும் வண்டியைத் தானம் கொடுக்கும் கார் என்று அந்த நாட்டார் சொல்லுகிறார்கள். பொருத்தமான பெயர்தான். என்ஜின், கியர் பெட்டி, அச்சு, ஸ்டியரிங், பிரேக்கு, சக்கரம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வெறுங் கூடாக நிற்பது கர்ணனுக்கு அடுத்தபடி இந்தக் கார் ஒன்றுதான்.

கடல் கடந்து போவானேன்? நம் கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன் இருந்தார். 1980-களின் பிற்பகுதியில், மாருதி 800 காரின் என்ஜினைக்கொண்டு ஒற்றை ஆசனப் பந்தய வண்டிகளை அவர் தயாரித்தார். சீமையிலிருந்து வண்டி வருவிக்க வசதியில்லாத இந்திய இளைஞர்கள் பந்தயம் பழகுவதற்கு அந்த வண்டிகள் வழி செய்தன. பிற்பாடு, 2005-ல், ஃபார்முலா 1 பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயனும் ஆரம்பத்தில் மாருதி என்ஜின் வண்டியில் பழகியவரே. கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் காலமானார். அவர் ஞாபகமாகவே செட்டிப்பாளையத்துப் பந்தயப் பாதைக்குக் கரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே, கட்டலாமா என்பதல்ல. எதைப் பிரிக்கலாம் என்பதே கேள்வியாயிற்று. பாத்திரமறிந்து பிச்சையிடு என்பது பழமொழி. இங்கேயோ, வாங்குகிறவன் அல்லவா கொடுக்கிறவனுடைய யோக்கியதையைப் பரீட்சிக்க வேண்டியிருக்கிறது! மருமகனும் நாமும் நாலு நாள் ஊர் ஊராக அலைந்தோம்.

தஞ்சாவூரில் ஓர் அம்பாஸடர் கிடைத்தது. கல்யாண கோஷ்டி முழுவதையும் சுமந்த வண்டி. அச்சைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதன் பலமெல்லாம் பாரத்தில் இருக்கிறது, மாமா. பந்தய வண்டிக்குப் பாரம்தான் சத்துரு" என்று பையன் சொல்லிவிட்டான்.

திருவாரூரில் ஒரு பத்மினி. என்ஜின் முன்னால், ஓட்டுவது பின் சக்கரத்தை. எஸ்கார்ட்டைப்போலவே பழைய சம்பிரதாயம். ஆனால் அது உற்பத்தி நின்று 20 வருஷத்துக்கு மேலாகிறது. சொந்தக்காரர் அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்த அழகைப் பார்த்தால், பிரிப்பது பாபம் என்று எங்கள் இருவருக்குமே பட்டது.

கும்பகோணத்தில் பளபளவென்று புது வர்ணம் அடித்த மாருதி 800 ஒன்று இருந்தது. விற்கிறவர் அதற்கு வேண்டிய சத்தியமெல்லாம் செய்தார். மருமகன் கியர் பெட்டியின் எண்ணெயைக் கொஞ்சம் எடுத்துக் காட்டினான். பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டி! கும்பகோணத்தில் நல்ல காப்பி கிடைக்கும் என்று நமக்குத் தெரியும். கியர் பெட்டியிலும் கிடைக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது.

கடைசியில் முத்துப்பேட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எங்கள் கர்ணன் அகப்பட்டான். அதுவும் மாருதிதான். 2018 நவம்பர் 16-ஆந் தேதி கஜா புயலில் ஒரு தென்னை மரம் அதன் கூரையின் பின்பாதியில் விழுந்து அப்பளமாக்கிவிட்டது. மகள் பிறந்த வருஷத்தில் வாங்கிய வண்டி என்ற அபிமானத்தால், சொந்தக்காரர் அதை விற்காமல், மாதம் ஒரு முறை என்ஜினைக் கிளப்பிக் கொட்டகையிலேயே வைத்திருந்தார். மூன்று சிலிண்டர்களிலும் அமுக்கம் ஒரே மாதிரி இருந்தது. முன் அச்சு வளையவில்லை. போனது கூரை, அது நமக்கு வேண்டியதில்லை. 20,000 ரூபாய்க்கு முடிந்தது.

"முன் சக்கரம் இழுக்கிற வண்டி ஆயிற்றே, பந்தய வண்டிக்கு ஆகுமா?" என்று நாம் கேட்டோம். "என்ஜினும் கியர் பெட்டியும் சேர்ந்து ஒரே கட்டு. அதை அப்படியே எடுத்து ஓட்டுகிறவன் முதுகுக்குப் பின்னால் வைத்தால் பின் சக்கரம் ஓடும். திருப்பி மட்டும் வைக்கக்கூடாது, வைத்தால் பின்னால் போக நாலு கியர், முன்னால் போக ஒன்றுதான் இருக்கும்" என்றான். இவ்விதம் ஓடும் வேறு சில ஸ்தாபனங்கள் நம் நினைவுக்கு வந்தன. ஆனால் அது வேறு விஷயம்.

சட்டத்தையும் விசாரித்தோம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரித்தவர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. எனவே வீட்டில் கட்டிய வண்டி மன்னார்குடி வீதியில் ஓடாது; லாரியில் ஏறிச் செட்டிப்பாளையம் போய்த்தான் ஓட வேண்டும். பழைய வண்டி அழிந்த விவரத்தை 55-வது பிரிவின்படி 14 நாளைக்குள் தெரிவித்துப் பதிவை ரத்து செய்வதும் அவசியம். பையனுக்கு இது வருத்தந்தான். தமக்கையாருக்கோ பாதிப் பயம் அங்கேயே தீர்ந்தது.

மீதிப் பாதி, வண்டி வீட்டுக்கு வந்த அன்று தீர்ந்தது. நசுங்கிய கூரையைத் தமக்கையார் வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீ கட்டுகிற வண்டியில் எத்தனை பேர் உட்காரலாம்?"

"ஒருவன்தான், அம்மா."

"அவன் தலைக்கு மேலே என்ன இருக்கும்?"

பையன் சுண்ணாம்புப் படத்தில் ஒரு வளைவைக் காட்டினான். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுகிறவன் தலையைக் காக்கும் இரும்புக் குழாய் அது.

தமக்கையார் உள்ளே போய்ப் பணத்தைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார். "எல்லாம் பழைய சாமானாகவே இருக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்தக் குழாய் மட்டும் புதிதாக வாங்கு" என்றார்.

தானம் கொடுக்கும் காரைப் பற்றி நாம் சொல்ல நினைத்திருந்த யோசனை இதைவிட மேலானதல்ல. ஆகையால் சொல்லாமலே ஊர் திரும்பினோம்.