வாசலில் விளக்கு, வீட்டில்?

டோக்கியோவின் மேற்கே, தாமா சென்டர் ரயில் நிலையத்தில் டிசம்பர் மாதம் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. வேலை முடிந்து திரும்புவோரை, நிலையத்தின் எதிரே மரங்களில் சுற்றிய வண்ண விளக்குகள் வரவேற்கின்றன. இதை வீண்செலவு என்று ஒதுக்கிவிட முடியாது. 2014-இல் நோபல் பரிசு பெற்ற நீல எல்.இ.டி. கண்டுபிடிப்புக்குப் பின், அலங்கார விளக்குகளின் மின்செலவு வெகுவாகக் குறைந்துவிட்டது.

அங்கே அருகிவருவது மின்சாரமன்று, இளையோர். 1971-இல் குடியேற்றம் தொடங்கிய தாமா நியூ டவுனுக்கு அன்று வந்த இளம் தம்பதியர் இன்று முதியவர்கள். மின்தூக்கி இல்லாத பழைய அடுக்குமாடிகள் அவர்களுக்கும் சுமை; புதிதாக வருவோரையும் ஈர்ப்பதில்லை. தீர்வு இல்லாமலில்லை. அதே நகரின் சுவா பகுதியில் 640 பழைய வீடுகள் இடிக்கப்பட்டு, 2013-இல் 1,249 புதிய வீடுகள் எழுந்தன. அத்தகைய முயற்சிகள் பெருக வேண்டும். நிலைய வாசல் ஒளிர்ந்தால் மட்டும் போதாது. வீடுகளிலும் விளக்கெரிய வேண்டும்.