காணொளிக்குப் பின் வரும் மன்னிப்பு

2023 நவம்பர் 16 அன்று பாடகி காஸி வென்டுரா நியூயார்க்கில் ஒரு வழக்குத் தொடுத்தார். எதிராளி, 'டிடி' என்று உலகம் அறிந்த ராப் கலைஞரும் பேட் பாய் இசை நிறுவனத்தின் முதலாளியுமான ஷான் கோம்ஸ். இருவரின் காதல் உறவு நீடித்த ஆண்டுகளில் தான் பட்ட அடி உதைகளையும் பாலியல் கொடுமைகளையும் காஸி தன் மனுவில் வரிசையாகச் சொல்லியிருந்தார். 2016 மார்ச்சில் லாஸ் ஏஞ்சல்ஸ் ஓட்டல் ஒன்றின் நடைபாதையில் நடந்த தாக்குதலும் அதில் இருந்தது. அதைப் பதிவு செய்திருந்த கண்காணிப்புக் கேமராக் காட்சி பணம் கொடுத்து மறைக்கப்பட்டது என்பதும் இருந்தது. மிரட்டிப் பணம் பறிக்கும் முயற்சி என்றார் கோம்ஸின் வழக்கறிஞர். மறுநாளே வழக்கு சமரசத்தில் முடிந்தது. சமரசம் குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது என்றும் சொல்லப்பட்டது. வேறு பெண்களும் வழக்குத் தொடுத்த பிறகு, டிசம்பரில் கோம்ஸே அறிக்கை விட்டார்: சொல்லப்படும் கொடுமைகளில் ஒன்றைக்கூடத் தான் செய்யவில்லை.

2024 மே 17 அன்று சி.என்.என். தொலைக்காட்சி அந்த ஓட்டல் காட்சியை வெளியிட்டது. இடுப்பில் துண்டோடு ஓடிவரும் ஒரு ஆண், லிஃப்ட் அருகே நிற்கும் பெண்ணைப் பிடித்துக் கீழே தள்ளுகிறார், உதைக்கிறார், தரையோடு இழுக்கிறார். இரண்டு நாள் கழித்து கோம்ஸ் இன்ஸ்டாகிராமில் தோன்றி மன்னிப்புக் கேட்டார்.

அந்த மன்னிப்பு நிஜமா நடிப்பா என்று ஊரெல்லாம் பட்டிமன்றம் நடந்தது. நமக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது நவம்பருக்கும் மே மாதத்துக்கும் இடைப்பட்ட ஆறு மாதங்கள். மனுவில் எழுதப்பட்டிருந்ததுதான் காட்சியிலும் இருந்தது. அதே இடம், அதே அடி, அதே ஆள். பெண் சொன்னபோது மறுத்தவர், கேமரா சொன்னதும் மண்டியிட்டார். மறுத்துத் தப்பித்துக்கொள்ளலாம் என்ற தெம்பு அவருக்கு எங்கிருந்து வந்தது? பணத்திலிருந்தும் புகழிலிருந்தும் பாதி வந்திருக்கும். மறு பாதியைக் கொடுத்தது பார்வையாளர் கூட்டம். ஒரு பெண் வாய்விட்டுச் சொன்னால் 'விசாரிக்காமல் எப்படி நம்புவது' என்று நியாயம் பேசுகிற கூட்டம் அது. 'செய்யவில்லை' என்று ஆண் சொன்னால் அந்த விசாரணையைக் கேட்காது.

அதற்குப் பத்தாண்டு முன்னும் இதேதான் நடந்தது. 2014 பிப்ரவரியில் அட்லாண்டிக் சிட்டி சூதாட்ட விடுதி ஒன்றின் லிஃப்டில், அமெரிக்கக் கால்பந்து வீரர் ரே ரைஸ், தான் மணக்கவிருந்த ஜெனேயைக் குத்தி வீழ்த்தினார். கையால் தாக்கி நினைவிழக்கச் செய்தார் என்று வழக்குத் தாளிலேயே இருந்தது. நினைவற்ற பெண்ணை லிஃப்டிலிருந்து வெளியே இழுத்துப்போடும் காட்சியும் சில நாட்களில் வெளியானது. இவ்வளவும் தெரிந்த பிறகு தேசியக் கால்பந்துச் சங்கம் ஜூலையில் விதித்த தண்டனை இரண்டு ஆட்டங்களுக்குத் தடை. செப்டம்பர் 8 அன்று லிஃப்டுக்கு உள்ளே குத்து விழும் காட்சி வெளியானது. அன்றே பால்டிமோர் ரேவன்ஸ் அணி அவரை நீக்கியது; சங்கம் காலவரையற்ற தடை விதித்தது. அந்த வாரமே நடந்த ஆட்டத்துக்கு அவருடைய 27ஆம் எண் சட்டையை அணிந்துகொண்டு ரசிகர்கள் வந்தார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள்.

இடையில், மே மாதத்தில், ஒரு செய்தியாளர் சந்திப்பு நடந்தது. ரைஸ் அணியின் உரிமையாளரிடமும் மேலாளரிடமும் பயிற்சியாளரிடமும் மன்னிப்புக் கேட்டார். அதற்குள் மனைவியாகிவிட்டிருந்த ஜெனே பக்கத்து நாற்காலியில் இருந்தார், அவரிடம் கேட்கவில்லை. மாறாக, அன்றைய இரவில் தன் பங்குக்கு நடந்ததற்காக ஜெனேதான் வருத்தம் தெரிவித்தார். அணி அதை ட்விட்டரில் பெருமையாகப் பகிர்ந்தது. அடித்தவர் முதலாளியிடம் மன்னிப்புக் கேட்க, அடிபட்டவர் ஊரிடம் மன்னிப்புக் கேட்ட மேடை அது.

பிரபலங்களின் மன்னிப்பு யாரை நோக்கிப் பேசுகிறது என்பது இதில் வெளிச்சமாகிறது. கோம்ஸின் காணொளியிலும் காஸியின் பெயர் இல்லை. தான் அடிமட்டத்துக்கு இறங்கியது, சிகிச்சைக்குப் போனது, கடவுளின் கருணையை நாடியது என்று எல்லாம் தன்னைப் பற்றியே. பாவம் செய்தவர் திருந்திய கதை நமக்குப் பிடிக்கும். அந்தக் கதையில் கதாநாயகன் அடித்தவர்தான். பாடகி ரிஹானாவை அடித்த குற்றத்தை ஒப்புக்கொண்ட பாடகர் கிறிஸ் பிரவுன் 2009இல் காணொளியில் மன்னிப்புக் கேட்டார். 2012இல் கிராமி மேடையில் ஆடிப் பாடி விருதோடு இறங்கினார். ரசிகர்கள் தங்களுக்குச் சேராத ஒரு கடனைத் தாங்களே தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

ஒப்புக்கொள்வதால் இழப்பு ஏதும் இல்லை என்றால் ஒப்புக்கொள்வதும் ஒரு தந்திரமாகிவிடும். ஓட்டல் காட்சி வெளியானபோதே, வழக்குத் தொடரும் காலக்கெடு கடந்துவிட்டதென்று லாஸ் ஏஞ்சல்ஸ் அரசு வழக்கறிஞர் அலுவலகம் கைவிரித்தது. 2025இல் நியூயார்க்கில் நடந்த குற்ற விசாரணை, ஆள்கடத்தல், கூட்டுச்சதி போன்ற வேறு பிரிவுகளில் நடந்தது. அங்கே கோம்ஸ் தரப்பு எடுத்த வாதம் கவனிக்க வேண்டியது: ஆம், குடும்ப வன்முறை நடந்தது, அதை ஒப்புக்கொள்கிறோம், ஆனால் வழக்கு அதற்கானது அல்லவே. தண்டிக்க இயலாத குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டிக்கக்கூடிய குற்றத்திலிருந்து விலகும் வழி. ஜூலையில் நடுவர் குழு பெரிய குற்றச்சாட்டுகளிலிருந்து அவரை விடுவித்தது. பாலியல் தொழிலுக்காக ஆட்களை இடம் விட்டு இடம் கொண்டுசென்றதற்காக அக்டோபரில் 50 மாதச் சிறை விதிக்கப்பட்டது. தண்டனை அறிவிக்கப்பட்ட அன்று நீதிபதி முன்னிலையில் காஸியின் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். குறைந்த தண்டனை கேட்டு அவர் தரப்பு மனுப் போட்டிருந்த நேரம் அது.

'அத்தனை அடி வாங்கியவள் ஏன் விட்டுப் போகவில்லை?' என்ற கேள்வி விசாரணை நெடுகிலும் ஒலித்தது. இருபது வயதை ஒட்டிய பருவத்தில் காஸி கையெழுத்திட்டது பத்து ஆல்பங்களுக்கான ஒப்பந்தம். வெளிவந்தது ஒன்றே ஒன்று. காதலரே முதலாளி, காஸியைவிடக் கிட்டத்தட்ட பதினேழு வயது மூத்தவர். விட்டுப் போவதென்றால் வேலையை, வருமானத்தை, தொழில்வாழ்வை ஒருசேர விட்டுப் போவது. அந்தக் கேள்வியைப் பெண்ணிடம் கேட்பவர்கள், 'அத்தனை ஆண்டு ஏன் அடித்தாய்?' என்று ஆணிடம் கேட்பதில்லை.

அந்தக் காட்சி நம் கைப்பேசிகளிலும் ஓடியது. நாமும் தீர்ப்புச் சொன்னோம். தீர்ப்புச் சொல்லும் நாம் யார் என்பதற்கு 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் விடை இருக்கிறது. மாமனார் மாமியாரை மதிக்காதது, சமையல் சரியில்லாதது, சொல்லாமல் வெளியே போனது, எதிர்த்துப் பேசியது போன்ற ஏழு காரணங்களைச் சொல்லி, இவற்றில் ஏதாவது ஒன்றுக்காக மனைவியைக் கணவன் அடிப்பது நியாயமா என்று கேட்டார்கள். இந்தியப் பெண்களில் 45 விழுக்காட்டினரும் ஆண்களில் 44 விழுக்காட்டினரும் நியாயம் என்றார்கள். தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுவரையுள்ள மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் உதவி நாடியவர்கள் ஏழில் ஒருவர்தான். அடியோடு சேர்த்து உள்ளச் சித்திரவதையையும் பொருளாதாரத் துன்புறுத்தலையும் வன்முறை என்று ஏற்கும் சட்டம் 2005லேயே நம்மிடம் வந்துவிட்டது. ஆனால் அந்தச் சட்டத்தின் கதவைத் தட்டுவதற்கு முன் ஒரு பெண் யாரிடமாவது வாய்திறக்க வேண்டும். கேட்பவர் நம்ப வேண்டும். சமையலறையில் கண்காணிப்புக் கேமரா கிடையாது.

ஆகவே அடுத்த முறை ஒரு நட்சத்திரம் கண் கலங்கித் திரையில் தோன்றும்போது சில கேள்விகள் போதும். ஆதாரம் வெளிவரும் முன்பு வந்த மன்னிப்பா, பின்பு வந்ததா? அடிபட்டவரின் பெயர் அதில் இருக்கிறதா? முன்னர் அவரைப் பொய்க்காரி என்று சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டாரா? மன்னிப்புக் கேட்டதால் அவர் இழந்தது என்ன? இவற்றுக்குப் பதில் தேறினாலும் மன்னிக்கும் உரிமை காஸிக்கும் ஜெனேக்கும்தான் உண்டு. அவர்கள் மன்னிக்க மறுத்தால் அதுவும் அவர்கள் உரிமை.

நம் கையில் இருப்பது வேறொன்று. நட்சத்திரத்தைப் பற்றிக் கூடத்தில் உட்கார்ந்து நாம் சொல்லும் 'காசுக்காகப் போட்ட வழக்கு' என்ற வார்த்தை கோம்ஸின் காதுக்குப் போவதில்லை. அதே வீட்டில், தனக்கு நேர்ந்ததை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இருக்கும் மகளின் காதில் விழுகிறது. இவர்களிடம் சொல்வதில் பயனில்லை என்று அவள் முடிவெடுத்துவிடுகிறாள்.