பங்கும் வாக்கும்: சீனாவின் இரண்டு பாங்குகள்

நமது கூட்டுறவுச் சங்கங்களில் ஒரு பங்கு எடுத்தவருக்கும் நூறு பங்கு எடுத்தவருக்கும் வாக்கு ஒன்றுதான். நாடுகளுக்குக் கடன் வழங்கும் ஸ்தாபனங்களில் இவ்விதி கிடையாது. அதனால் நமக்கென்ன என்று கேட்கும் அங்கத்தினர்கள், தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் செல்லும்போது அங்கு எழும்பிவரும் மெட்ரோ ரயில் தூண்களைச் சற்றே நோக்குவார்களாக. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்குக் கடன் கொடுத்தவர்களுள் பீஜிங்கிலும் ஷாங்காயிலும் தலைமை அலுவலகம் கொண்ட இரண்டு பாங்குகளும் உண்டு. வட்டியும் அசலும் நமது வரிப்பணத்திலிருந்தே செல்லவேண்டும்.

சீனாவின் பழைய குறை நியாயமானதே. சர்வதேச நிதி ஸ்தாபனத்தில் முக்கிய முடிவுகளுக்கு 85 சதவீத வாக்கு வேண்டும். அமெரிக்காவிடம் மட்டும் 16 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. அது இசையாவிடில் ஒன்றும் நடவாது. 2010இல் ஒப்புக்கொண்ட சீர்திருத்தம், அமெரிக்க காங்கிரஸின் தாமதத்தால் 2016இல்தான் அமலாயிற்று. அப்போதும் சீனாவுக்குக் கிட்டியது ஏறக்குறைய 6 சதவீதமே.

அதற்குள் சீனா தானே முன்னின்று ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு பாங்கை 2016 ஜனவரியில் பீஜிங்கில் திறந்துவிட்டது. அங்கும் முக்கியத் தீர்மானங்களுக்கு 75 சதவீத வாக்கு தேவை. சீனாவின் கையில் 26 சதவீதத்துக்கு மேல்! வாஷிங்டனில் எதைக் குறை கூறினார்களோ அதையே பீஜிங்கில் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். இரண்டாவது பெரிய பங்குதாரரான இந்தியாவின் வாக்கு 8 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. ஆயினும் அதில் மிகுதியாகக் கடன் பெற்றவர் நாமே. 2020 ஜூனில் கல்வானில் நமது வீரர்கள் இருபதின்மர் மாண்ட அதே வாரத்தில் 75 கோடி டாலர் கடனுக்குக் கையெழுத்தாயிற்று. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அது பல நாடுகளின் பாங்கு, சீனாவின் கஜானா அன்று.

பொது விதி எதுவும் கட்டுப்படுத்தாத இடத்தில் சீனா எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதற்கு இலங்கை சாட்சி. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீனக் கம்பெனியிடம் சென்றதைப் பலரும் பேசுகிறார்கள். என் கருத்தில் அதைவிடக் கவனிக்கத்தக்கது பின்னர் நடந்ததாகும். 2022இல் இலங்கை கடனைத் திருப்பிச் செலுத்த இயலாமல் நின்றது. மறு ஆண்டு இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் ஆகியவற்றின் தலைமையில் கடன் கொடுத்த நாடுகள் ஒரு குழுவாகக் கூடின. அந்நாடுகள் எல்லாவற்றிலும் அதிகம் கொடுத்திருந்த சீனா அக்குழுவில் உறுப்பினராகச் சேரவில்லை. அதன் ஏற்றுமதி இறக்குமதி பாங்கு தனியே பேசி முடித்துக்கொண்டது. நொடித்துப்போன நெசவாளர் ஒருவரிடம் பெருந்தொகைக்காரர் மட்டும் இரவோடிரவாகப் பேசி முடித்துக்கொண்டால் சில்லறைக் கடன்காரர் கதி என்னவாகும் என்பது, சங்கக் கணக்குகளைப் பார்க்கும் எவருக்கும் தெரியும்.

ஷாங்காயில் உள்ள புதிய வளர்ச்சி பாங்கு இவ்விரண்டினும் மேலானது. 2014இல் பிரேசிலில் ஒப்பந்தமானபோது சீனா, இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளும் தலைக்கு ஆயிரம் கோடி டாலர் என்று சமபங்கு ஏற்றன. தனித்து நின்று தடுக்கும் அதிகாரம் எவருக்கும் இல்லை. சமபங்கு வேண்டுமென்று இந்தியா வற்புறுத்தியது வீண்போகவில்லை.

ஆனால் 2021இல் அங்கு சேர்ந்த வங்காள தேசத்துக்குக் கிடைத்த பங்கு 2 சதவீதம்கூட இல்லை. மூலவர் ஐவரின் வாக்கு 55 சதவீதத்துக்குக் கீழே இறங்கலாகாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். சீனாவிடம் சமத்துவம் கேட்டுப் பெற்ற நாம், பின்னால் வந்தவர்க்கு அதை மறுப்பது எவ்வகையில் பொருந்தும்? அந்த விதியைத் திருத்தவேண்டுமென்று அடுத்த ஆளுநர்கள் கூட்டத்தில் இந்தியப் பிரதிநிதியே எழுந்து பேசவேண்டும்.